நாலே மாதத்தில் சூடு நிற்காமல் போன பிளாஸ்க்: அடுத்ததை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு மணலியில் நைட் ஷிஃப்ட். இரவு 9 மணிக்கு டீயோடு பைக்கில் கிளம்பினால் 12 மணிக்கு ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை குடிப்பார். முதலில் வாங்கிய கண்ணாடி பிளாஸ்க் பைக் பெட்டிக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. அடுத்து எவர்சில்வர் பிளாஸ்க் வாங்கினோம். நாலே மாதம்தான். இப்போது டீ ஊற்றினால் வெளிப்பக்கம் கையைச் சுடுகிறது, 12 மணிக்கே டீ ஆறிவிடுகிறது. இதைச் சரி செய்ய முடியுமா? காசிமேட்டில் விசைப்படகில் போகும் என் அண்ணனுக்கும் ஒன்று வாங்க வேண்டும். வருஷக்கணக்கில் உழைக்கிற பிளாஸ்க்கை எப்படித் தேர்வு செய்வது?

பதில்: வெளிப்பக்கம் சுடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் தெரிந்துவிட்டது. அந்த பிளாஸ்க்கின் வெற்றிடம் போய்விட்டது. அதை எந்தக் கடையிலும் சரி செய்ய முடியாது. ஆனால் ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் அடுத்ததை நல்லதாக வாங்கலாம்.

எவர்சில்வர் பிளாஸ்க் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு குடுவை. வாய்ப்பக்கத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சின்னத் துளையை ஆலையிலேயே அடைத்துவிடுவார்கள். காற்று இல்லாத இடத்தைத் தாண்டிச் சூடு கடத்தப்பட வழியில்லை. 1892-ல் ஜேம்ஸ் டூவார் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த இரட்டைக் கண்ணாடிக் குடுவையின் அதே தத்துவம்தான். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வெற்றிடத்தைத்தான்.

அந்தத் துளையை அடைத்த இடம், அடியில் தெரியும் வட்டத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பிளாஸ்க் அடிப்பக்கமாகத் தரையில் விழுந்தாலோ, பைக் பெட்டியில் தினமும் இரும்பில் மோதிக்கொண்டே போனாலோ அந்த அடைப்பிலோ வாய்ப்பக்கப் பற்றவைப்பிலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும். அதனால்தான் விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து டீ சீக்கிரம் ஆற ஆரம்பிக்கும். பக்கவாட்டில் நசுங்கினால் விளைவு வேறு மாதிரி. வெளித்தகடு உள்ளே அமுங்கி உள்குடுவையைத் தொட்டுவிட்டால், அந்த இடம் வழியாகச் சூடு ஓடிவிடும். வெந்நீர் ஊற்றிக் கையால் தடவிப் பாருங்கள்: நசுங்கிய இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுட்டால் அதுதான் கோளாறு. பிளாஸ்க் முழுக்கச் சுட்டால் வெற்றிடமே போய்விட்டது என்று பொருள். வாய் ஓரம் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் கவலை வேண்டாம். இரண்டு குடுவையும் அங்கே சேர்வதால் அது இயல்பு.

கண்ணாடி பிளாஸ்க் சூட்டைப் பிடித்து வைப்பதில் எவர்சில்வருக்குக் குறைந்ததல்ல. கழுத்து வழியாகக் கண்ணாடி சூட்டைக் கடத்துவது குறைவு. ஆனால் அதிர்ச்சி தாங்காது. குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் விரிசல் விடும். வீட்டு மேசையிலோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி கட்டிலுக்குப் பக்கத்திலோ அசையாமல் வைப்பதற்கு அது சரி. உடைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குடுவையை (ரீஃபில்) மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவருக்கு அது வேண்டாம்.

இப்போது கடைக்குப் போகலாம். மின்ட் தெரு, சவுகார்பேட்டை பாத்திரக் கடைகளிலும் சரி, நடைபாதைக் கடைகளிலும் சரி, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று வகை பாட்டில்கள் அடுக்கியிருக்கும். ஒற்றைத் தகட்டு ஃப்ரிட்ஜ் பாட்டில் ஒன்று. வெளியே பிளாஸ்டிக்கும் நடுவில் ஃபோமும் உள்ளே எவர்சில்வரும் உள்ள பாட்டில் இன்னொன்று. அதில் சூடு இரண்டு மூன்று மணி நேரம் நின்றாலே பெரிது. மூன்றாவதுதான் இரட்டைத் தகட்டு வெற்றிட பிளாஸ்க். 'ஹாட் அண்ட் கோல்ட்' என்ற எழுத்து மூன்றிலும் இருக்கலாம் என்பதால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டியில் 'வேக்குவம் இன்சுலேட்டட்' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 17526 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் செய்கிற வேலை, செய்துவிடுங்கள். முத்திரை அச்சிட்டிருக்கிறது, எண் மட்டும் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

தகடு எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 304 அல்லது 18/8 என்று போட்டிருப்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், துருவைத் தாங்கும். 201 என்ற மலிவு வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் காட்டுவார். அதை நம்ப வேண்டாம். 201 தகட்டிலும் காந்தம் ஒட்டாது; நல்ல 304 தகடு கூட அழுத்தி வளைத்த இடங்களில் லேசாக ஒட்டும். காதில் வைத்து 'உம்' ஓசை கேட்டுப் பார்ப்பதும் சோதனை ஆகாது, எந்தக் காலி டப்பாவிலும் அந்த ஓசை வரும். எழுத்தில் 304 என்று இருக்கிறதா, உள்தகடு வெளித்தகடு இரண்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். உள்ளே 304, வெளியே 201 என்று விற்பது உண்டு. வீட்டுக்காரருக்கு அது போதும். அண்ணனுக்குப் போதாது, உப்புக் காற்றும் கடல் நீரும் வெளிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும்.

மூடியைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். வெற்றிடம் சரியாக இருக்கும் பிளாஸ்க்கில் சூடு பெரும்பாலும் வெளியேறுவது மூடி வழியாகவும் கழுத்து வழியாகவும்தான். அதனால் வாய் குறுகலாக இருக்க வேண்டும். ஆனால் கழுவும் பிரஷ் நுழைய வேண்டும். உள்மூடி கனமாக, உள்ளே சூடு தடுக்கும் பொருள் பொதியப்பட்டதாக, திருகி இறுக்குவதாக இருப்பது நல்லது. மேலே அழுத்தி ஊற்றும் பட்டன் வகை வசதிதான். ஆனால் டீயில் ஏடு படிந்து அந்த வால்வு அடைத்துக்கொள்ளும், கழற்றிக் கழுவ வராத பட்டன் இரண்டு மாதத்தில் நாறும். ஸ்ட்ரா வைத்த மூடி சூடான பானத்துக்கு வேண்டவே வேண்டாம், திறக்கும்போது ஆவி அழுத்தத்தில் முகத்தில் தெறிக்கும். மூடியைச் சுற்றியிருக்கும் சிலிக்கோன் வாஷர் விரல் நகத்தால் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா பாருங்கள். அந்த வாஷரும் உள்மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வெற்றிடம் நன்றாக இருக்கும்போதே மூடி போனதால் தூக்கிப் போடப்படும் பிளாஸ்க்குகள் நிறைய.

உள்ளே செம்புப் பூச்சு என்று சொல்லி விலை கூட்டுவார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் பூசினால் கதிர்வீச்சாகப் போகும் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் அதைத் திறந்து பார்க்க வழியில்லை, அதற்காகப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். நிறமும் டிசைனும் உங்கள் விருப்பம்.

'24 மணி நேரம் சூடு' என்பதைப் படிக்கும்போது எத்தனை டிகிரி என்று தேடுங்கள். 24 மணி நேரம் கழித்து 45 டிகிரி இருந்தாலும் அவர்கள் சூடு என்பார்கள். அது டீ அல்ல. 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். நல்ல அரை லிட்டர் பிளாஸ்க்கில், 95 டிகிரியில் ஊற்றிய வெந்நீர் நம் ஊர் வெப்பத்தில் 6 மணி நேரம் கழித்து 70 டிகிரி பக்கம் நிற்க வேண்டும்.

வாங்கிய அன்றே இதைச் சோதியுங்கள். கொதிக்கும் நீரை உள்மூடிக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றி மூடுங்கள். 10 நிமிடம் கழித்து பிளாஸ்க்கின் வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பாருங்கள். வாய் ஓரம் தவிர எங்கே சுட்டாலும் பில்லோடு திரும்பக் கொண்டுபோங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா பாருங்கள். 6 மணி நேரம் கழித்துத் திறந்தால் ஊதி ஊதித்தான் குடிக்க முடிய வேண்டும். மடமடவென்று குடிக்க முடிந்தால் அந்த பிளாஸ்க் வேண்டாம்.

அளவு: வீட்டுக்காரர் இரண்டே தடவை குடிப்பதால் ஒரு அரை லிட்டரை விட, 350 மில்லி கொண்ட இரண்டு சின்னவை எடுத்துப்போகலாமா என்று தோன்றும். அரை லிட்டர் ஒன்றே போதும். சிறிய குடுவை சீக்கிரம் ஆறும். படகில் நாலைந்து பேர் குடிப்பார்கள் என்றால் அண்ணனுக்கு ஒரு லிட்டர்.

பிளாஸ்க் நல்லதாக இருந்தும் டீ ஆறுவதற்குப் பெரிய காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. வடிகட்டி, சர்க்கரை போட்டு, இரண்டு தம்ளரில் ஆற்றி, நுரை வரவைத்து ஊற்றினால் டீ 75 டிகிரிக்கு வந்துவிடும். அப்படி ஊற்றிய டீ அதிகாலை 3 மணிக்கு 60 டிகிரி பக்கம் இருக்கும். சர்க்கரையைப் பாத்திரத்திலேயே கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கியதும் வடிகட்டியை பிளாஸ்க் வாயில் வைத்து நேராக ஊற்றினால் 85 டிகிரியில் உள்ளே போகும். அதே 3 மணிக்கு 67 டிகிரி வரை நிற்கும். முன்னதாக வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டினால் இன்னும் இரண்டு டிகிரி மிஞ்சும். பாதி பிளாஸ்க் ஊற்றாதீர்கள். குறைவாக இருந்தால் வேகமாக ஆறும்.

பால் சேர்ந்த டீ என்பதால் இன்னொன்றும் முக்கியம். 60 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை கிருமி பெருகாது. அதற்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் பெருகும். கொதிக்கவைத்தாலும் சாகாமல் விதைபோல் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் (ஸ்போர்) பாலில் உண்டு. உங்கள் பழைய பிளாஸ்க்கில் 3 மணிக்குக் குடிக்கும் டீ இந்த நிலையில்தான் இருக்கிறது, இன்றே நிறுத்திவிடுங்கள். மீந்த டீயைக் காலையில் வீட்டுக்கு வந்து குடிக்க வேண்டாம். கைக்குழந்தைக்கான பாலையும் பிளாஸ்க்கில் வைக்காதீர்கள்; வெந்நீரை மட்டும் எடுத்துப் போய், தேவைப்படும்போது பால் பவுடரைக் கலக்கிக் கொடுங்கள்.

பைக் பெட்டியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் பிளாஸ்க்கை நேராக நிற்கவைக்கச் சொல்லுங்கள். அடியில் மாட்டும் ரப்பர் உறை கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள். இந்த இரண்டும் செய்தாலே ஆயுள் கூடும். அண்ணனிடம் சொல்ல வேண்டியது: கடல் நீரில் பிளாஸ்க்கைக் கழுவக் கூடாது, தெறித்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். உப்பில் உள்ள குளோரைடு 304 தகட்டையும் ஊசி முனையளவுக்குக் குழி குழியாக அரிக்கும். ரசம், மோர் இரண்டும் பிளாஸ்க்கில் வேண்டாம் என்பது அதனால்தான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதும் கூடாது.

டீக்கறைக்கு, அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் மூடாமல் வைத்து, பிரஷால் தேயுங்கள். போர் தண்ணீர் கொதிக்கவைக்கிற வீடுகளில் அடியில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் படியும்; அதற்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), அரை லிட்டர் வெந்நீர், இரண்டு மணி நேரம். பழுப்புப் புள்ளி போய்விட்டால் அது தண்ணீரின் படிவு. போகாமல் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் தகடே அரிக்கிறது. சோடாவையும் எலுமிச்சை உப்பையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், வாயு கிளம்பி மூடி தெறிக்கும். கம்பிநார் போட்டுத் தேய்க்க வேண்டாம். கழுவியதும் வாஷரைத் தனியே கழற்றிக் காயவைத்து, மூடியை மாட்டாமல் கவிழ்த்து வையுங்கள்.

பழைய பிளாஸ்க்கின் பில் கையில் இருந்தால் முதலில் உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பாருங்கள். நாலு மாதத்தில் வெற்றிடம் போனதற்கு, வெளியே நசுங்கல் இல்லை என்றால், மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில் இல்லை என்றால் அதில் சாதாரணத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்.