அம்பாந்தோட்டையும் நம்மூர்க் கல்லும்

அன்புள்ள ஐயா,

நான் பாறசாலைக்காரன். களியக்காவிளையில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். கடனைக் கட்ட முடியாமல்தானே இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவிடம் இழந்தது? வெளிநாட்டுப் பணத்தில் துறைமுகம் கட்டினால் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லையா? நம்மூருக்கு இதில் என்ன கிடைக்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடன் கட்டாததால் துறைமுகம் பறிபோனது என்றுதான் நானும் பல வருடம் நம்பியிருந்தேன். கணக்கு வேறு. முதல் கட்ட வேலைக்கு 2007ல் சீன அரசின் எக்சிம் வங்கியிடம் 30.7 கோடி டாலர் வாங்கினார்கள், 6.3 சதவீத வட்டிக்கு. 2017ல் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டதில் 112 கோடி டாலர் வந்தது. அது துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. அப்போது இலங்கையின் கழுத்தை நெரித்தவை சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். சீனக் கடன் அப்படியே அரசின் தலையில் நின்றது. துறைமுகமும் போய், கடனும் மிச்சம்.

ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான கப்பல் பாதை அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில்தான் போகிறது. ஆனால் கப்பல் கண்ணில் பட்டால் போதுமா? ஏற்றி இறக்கச் சரக்கு வேண்டாமா? பின்னால் ஆலைகள் இல்லை. கண்டெய்னர்கள் கொழும்புக்கே போயின.

நீங்கள் கேட்ட ஆபத்து இதற்கு அப்புறம்தான் வந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வரவிருந்தது. செயற்கைக்கோள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் கப்பல் அது. இந்தியா கவலை தெரிவிக்க, வருகையைத் தள்ளிவைக்கச் சொன்ன இலங்கை சில நாட்களிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. கடனை மாற்றியமைக்கச் சீனாவின் தயவு தேவைப்பட்ட நேரம். என்னைப் பயமுறுத்துவது இதுதான்: வேண்டாம் என்று சொல்ல நினைத்த அரசால் சொல்ல முடியவில்லை.

விழிஞ்ஞம் விஷயத்தில் டெல்லி முன்பே உஷாராக இருந்தது. சீன நிறுவனங்கள் சேர்ந்திருந்த கூட்டமைப்புக்கு 2006ல் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. 2015ல் அதானி குழுமத்துடன் 40 வருட ஒப்பந்தம் போட்டார்கள். சரி, இது உள்நாட்டு நிறுவனம். ஆனாலும் மத்திய அரசின் 817.80 கோடி ரூபாயை மானியமாகக் கேட்டது கேரளம். வருவாயிலிருந்து திருப்பித் தரவேண்டும் என்றது டெல்லி. பணம் எங்கிருந்து வந்தாலும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கத்தான் வேண்டும்.

நம்மூருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். விழிஞ்ஞத்தின் முக்கிய வேலை பெரிய கப்பலிலிருந்து கண்டெய்னரை இறக்கிச் சின்னக் கப்பலில் ஏற்றுவது. அந்தப் பெட்டி துறைமுக மதிலைத் தாண்டி வெளியே வராது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளை உடைத்த கல் டாரஸ் லாரிகளில் உங்கள் கடைவாசல் வழியாகக் கேரளத்துக்குப் போவதை நீங்களே பார்க்கிறீர்கள். அதற்கு ஈடாக நாம் கேட்கவேண்டியது விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரம் ரயில் நிலையம் வரை திட்டமிட்டிருக்கும் 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை. மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி அந்தப் பாதை வழியாகப் போய் விழிஞ்ஞத்தில் கப்பல் ஏறவேண்டும்.