வாசகர் கேள்வி பதில்: பாறையில விளையுற ரெட் வைன்

கேள்வி: பார்சிலோனா போயிருந்தப்ப 'ப்ரியோராட்'னு ஒரு ரெட் வைன் வாங்கிட்டு வந்தோம். பக்கத்துல இருந்த மத்த ஸ்பெயின் பாட்டிலை விட ரெண்டு மடங்கு விலை. அப்படி என்ன இருக்கு அதுல?

பதில்: முதல் காரணம் அந்த ப்ரியோராட் பகுதியோட மண்ணுங்க, மண்ணுன்னு சொல்றதே தப்பு, கறுப்பு ஸ்லேட் பாறை, லிகொரெல்லான்னு சொல்வாங்க. கிராடல்யோப்ஸ் ஊர்ல ஒரு தோட்டத்து ஓரமா குனிஞ்சு ஒரு துண்டை எடுத்தேன், வெயில்ல கெடந்து கை சுட்டுச்சு, விரலால நெம்பினா ஏடு ஏடா பிரிஞ்சு வருது, உள்ள மைக்கா மினுக்குது. இதுல தண்ணி நிக்காது, சத்தும் கம்மி, வேர் பாறை இடுக்குல பல மீட்டர் இறங்கித்தான் ஈரம் தேடணும். திராட்சைன்னதும் பந்தல் ஞாபகம் வரும், இங்க பழைய கொடி எல்லாம் குட்டையா புதர் மாதிரி நிக்குது, சிலதுல மொத்தமா ஒரு கிலோ பழம் தேறினாலே பெருசு. ஆனா அந்தக் கொஞ்சத்துலதான் கலரும் ருசியும் அப்படி இறங்கியிருக்கும். சரிவு வேற செங்குத்து, டிராக்டர் ஏறாத இடத்துல கோவேறு கழுதை கட்டி உழுறாங்க, பறிக்கறது கையாலதான். இவ்வளவு பாடுபட்டு எடுக்கறதுக்கு அந்த விலை நியாயம்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: ப்ரியோராட்ங்கிற பேருக்கு என்ன அர்த்தம்?

பதில்: கிறிஸ்தவ மடத்துத் தலைவர் 'ப்ரியோர்', அவர் ஆளுகையில இருந்த ஊருங்க ப்ரியோராட். மோன்சான்ட் மலையடிவாரத்துல 12ஆம் நூற்றாண்டுல கார்த்தூசியன்ங்கிற சபைத் துறவிங்க வந்து மடம் கட்டினாங்க, பேரு ஸ்கலா டெய், கடவுளோட ஏணின்னு அர்த்தம், பைன் மரத்துல ஏணி வச்சு தேவதைங்க ஏறிப் போனதை ஒரு இடையன் பார்த்தான்னு கதை. 1835ல அரசாங்கம் மடத்து சொத்தை எடுத்துக்கிச்சு, இப்ப அது இடிஞ்சு கெடக்கு. அப்புறம் அந்த நூற்றாண்டு கடைசியில ஃபிலாக்சராங்கிற பூச்சி வந்து கொடியை எல்லாம் அழிச்சுடுச்சு, ஜனங்க பொழப்பு தேடி நகரத்துக்குப் போயிட்டாங்க.

1989ல ரெனே பார்பியேர், ஆல்வாரோ பலாசியோஸ் மாதிரி கொஞ்ச பேர் கிராடல்யோப்ஸ்ல ஒண்ணா சேர்ந்து வைன் பண்ணி, ஒரே வைனை ஆளுக்கொரு லேபிள்ல வித்தாங்க, உலகம் திரும்பிப் பார்த்தது அதுக்கப்புறம்தான். இன்னிக்கு ஸ்பெயின்ல வைன் பகுதிங்களுக்குக் கொடுக்கற உச்ச தகுதி, ரியோஹாங்கிற பகுதிக்கும் இதுக்கும் மட்டும்தான். ஆனா எனக்கு மனசுல நிக்கறது வேற ஆளுங்க, நல்ல விலை கிடைக்காத காலத்துலயும் தாத்தா வச்ச கர்னாச்சா, கரிஞேனா வகை திராட்சைக் கொடியைப் பிடுங்காம வருஷா வருஷம் கவாத்து பண்ணிட்டே இருந்தாங்களே அந்த விவசாயிங்க. அவங்க விட்டிருந்தா இன்னிக்கு அந்தப் பழைய கொடி ஏது?

கேள்வி: மட்டன் சுக்காவோட குடிக்கலாமா?

பதில்: மட்டன் ரொம்பப் பொருந்தும், காரத்தை மட்டும் பாதியா குறைச்சுடுங்க, 14, 15 சதவீதம் ஆல்கஹால் சாதாரணமா இருக்கும், மிளகாயோட சேர்ந்தா நாக்கு எரியும், வைன் ருசியே தெரியாது. நம்ம வெயிலுக்கு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க, குடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஒரு ஜக்ல ஊத்தி வச்சிடுங்க.