வீட்டுக்கு வைஃபை போட்டால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: சங்கரன்கோவிலில் இருக்கிறோம். கணவர் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி, மாதம் 24,000 ரூபாய் சம்பளம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், ஏழாயிரம் எட்டாயிரம் வரும். மகள் பி.காம் கடைசி வருடம். டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் வகுப்பிலும் சேர்ந்திருக்கிறாள். மகன் பிளஸ் ஒன். மாமியாரும் எங்களோடுதான். மகளுக்கு டேட்டா பத்தவில்லை, வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது, வைஃபை போடுங்கள் என்கிறாள். வீட்டில் டெலிபோன் லைன் கிடையாது; இருந்ததையும் எப்போதோ சரண்டர் பண்ணிவிட்டோம். லைன் இல்லாமல் கிடைக்குமா? கிடைத்தாலும் மாதம் அறுநூறு ரூபாய் எங்களுக்குத் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. ஏற்கெனவே கிரெடிட் கார்டில் 41,000 ரூபாய் நிற்கிறது. மாதா மாதம் 4,500 ரூபாய்க்குக் குறையாமல் கட்டுகிறேன். ஆனால் ஒரு வருடமாக அந்தத் தொகை அசையவே இல்லை. அதில் பெரிதாக எதுவும் வாங்குவதில்லை, ரீசார்ஜ் மட்டும்தான். வீட்டுப் போன்களோடு என் தம்பி, அவன் மனைவி, அம்மா மூவருக்கும் நான்தான் போட்டுவிடுவது. தம்பி இப்போது, "43 இன்ச் டிவியும் ஒரு வருட இணையமும் சேர்த்து நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுத்துவிடு அக்கா" என்கிறான். கையில் தாலிச் செயினும் ஒரு பவுன் சங்கிலியும்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். டெலிபோன் லைன் தேவையில்லை. செம்புக் கம்பி வழியாகப் பிராட்பேண்ட் வந்த காலத்தில் லேண்ட்லைன் இருந்தால்தான் இணையம் என்றிருந்தது. இப்போது வருவது ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி. அதோடு ஒரு போன் நம்பரும் தருகிறேன் என்பார்கள். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், தனிக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதில் முழுவதும். அறுநூறு ரூபாய் தாங்குமா என்று கேட்கிறீர்கள். அதைப் போல நான்கு, ஐந்து மடங்கு ஏற்கெனவே மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது. முந்நூறு, நானூறாகப் பிரிந்து போவதால் உங்கள் கண்ணில் படவில்லை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரீசார்ஜ் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நீங்கள், கணவர், மகள், மகன் நால்வருக்கும் தினம் 2 ஜிபி பேக், ஒன்று 349 ரூபாய், ஆக 1,396. மாமியாருக்கு 199. மகள் டேட்டா தீரும்போது அவ்வப்போது போடும் பூஸ்டர்கள் 19, 29, 49 என்று சேர்ந்து சுமார் 300. தம்பிக்கும் அவர் மனைவிக்கும் 698, அம்மாவுக்கு 199. மொத்தம் 2,792 ரூபாய். இதை மாதச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். பேக்கின் ஆயுள் 28 நாள்தான். எனவே வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை. 36,000 ரூபாயைத் தாண்டுகிறது. கணவரின் ஒன்றரை மாதச் சம்பளம் அது.

இப்போது கார்டுக்கு வருவோம். ஸ்டேட்மென்ட்டில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று போட்டிருக்கிறது. 41,000க்கு 1,435 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,700 ரூபாய்க்குப் பக்கம். நீங்கள் கட்டுகிற 4,500ல் 1,700 வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. மிச்சம் 2,800. அதே மாதத்தில் ரீசார்ஜுக்காக நீங்கள் கார்டில் ஏற்றியதும் 2,800. கடன் ஏன் அசையவில்லை என்று இனிமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழு பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாத நாற்பது, ஐம்பது நாள் சலுகை. பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் அது போய்விடும். புதிதாகப் போடுகிற 349க்கு அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். உங்கள் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருக்கிறீர்கள் என்பதும் ஸ்டேட்மென்ட்டில் தெரிகிறது. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடும்போது வங்கிக் கணக்கிலிருந்து போவதும் கார்டிலிருந்து போவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கடன் வாங்குகிறோம் என்ற உறுத்தலே வராதபடி செய்த வசதி இது. எல்லோரும் புகழ்கிறார்கள், பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. இன்றைக்கே யுபிஐ செயலியிலிருந்து அந்தக் கார்டை நீக்குங்கள். வைஃபைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அடுத்தது உங்கள் தம்பி. பேக் முடிகிற அன்று வரும் குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழே "அக்கா" என்று ஒரு வார்த்தை மட்டும் போட்டு அனுப்புவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை உடனே போய்விடுகிறது. அவர் டெலிவரி வேலையில் சம்பாதிப்பவர். அவர் வீட்டு இரண்டு போன்களுக்கு வருடம் 9,000 ரூபாய்க்கு மேல் நீங்கள் கட்டுகிறீர்கள், அதையும் வருடத்துக்கு 42 சதவீத வட்டியில் கடன் வாங்கிக் கட்டுகிறீர்கள். அவருக்கு இது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஸ்டேட்மென்ட்டை அவரிடம் காட்டுங்கள். கோபப்படவோ விளக்கம் சொல்லவோ வேண்டாம். "அடுத்த மாதத்திலிருந்து உன் போனை நீ பார்த்துக்கொள்" என்றால் போதும். அம்மாவின் போனை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு வழி இருக்கிறது.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு, பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்பது அது. 2025 தொடக்கத்திலேயே வந்துவிட்டன. 84 நாளுக்கு 450 முதல் 470 ரூபாய்; வருடத்துக்கு ஒரே தடவையாகப் போட்டால் 1,850 ரூபாய் சுமார். செயலியைத் திறந்ததும் முகத்தில் தெரிகிற இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வருட பேக் ஒன்று போட்டுவிடுங்கள். பட்டன் போனில் பேசுகிற மாமியாருக்கும் இதுவே தாராளம்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. தினம் 2 ஜிபி என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் உங்கள் கணவரின் 2 ஜிபி, தொடாமலே ராத்திரி 12 மணிக்குக் காலாவதி ஆகிறது. அதே நாளில் ஏழு மணி வகுப்பில் மகளுக்கு டேட்டா தீர்ந்து 29 ரூபாய் பூஸ்டர் போடுகிறாள். ஒருவர் மிச்சத்தை இன்னொருவர் எடுக்க முடியாத ஏற்பாட்டுக்கு நான்கு பேருக்கும் காசு கட்டுகிறீர்கள். நான்கு பேக்கும் சேர்ந்து 28 நாளுக்கு 224 ஜிபிதான். 499 ரூபாய் ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பே பெரும்பாலும் 3,300 ஜிபி.

499க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 589 ரூபாய். விளம்பரத்தில் வரி இருக்காது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7,070. வெளியே போகிற கணவருக்கும் மகளுக்கும் 299 ரூபாய் பேக். இருவருக்கும் பதின்மூன்று முறை போட்டால் 7,770. வீட்டில் இருக்கும் நீங்கள், பள்ளிக்குப் போன் கொண்டுபோக முடியாத மகன், மாமியார் மூவருக்கும் பேச்சு பேக் போதும். 84 நாள் பேக்காகவே போட்டாலும் மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 6,100 அளவில் வரும். மொத்தம் 21,000 ரூபாய். இப்போது உங்கள் வீட்டுக்கு மட்டும், பூஸ்டர் உட்பட, ஆவது 24,600. இணையமும் வந்து, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சமும் ஆகிறது. கடைத்தெருவில் உங்கள் போனில் நெட் இருக்காது, யுபிஐ செயலி வேலை செய்யாது. கையில் இருநூறு ரூபாய் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போதைய நிலையில் அது நல்லதும்கூட.

எந்த இணைப்பு? உங்கள் தெருவில் ஃபைபர் வருகிறதென்றால் அதுதான். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பைக்கூடப் பல ஊர்களில் உள்ளூர்ப் பார்ட்னர்கள்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். எனவே பிராண்டைப் பார்ப்பதைவிட, பழுதானால் வந்து நிற்கப்போகும் ஆளைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்: ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருக்கிறது, அறுந்தால் எத்தனை நாளில் வருகிறார்கள். முப்பது, நாற்பது எம்பிபிஎஸ் (Mbps) வேகமே உங்கள் வீட்டுக்கு ஏராளம்; வகுப்பு வீடியோவுக்கு நான்கைந்து இருந்தாலே ஓடும். நூறு, முந்நூறு என்று தள்ளப் பார்ப்பார்கள், தலையாட்டாதீர்கள்.

ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா? ஃபைபர் என்றால் கம்பத்தில் இருந்து பல வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் டப்பாவுக்குக் கரண்ட் தேவையில்லை. கரண்ட் போனாலும் உங்கள் வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், ஆயிரத்து இருநூறு ரூபாய் அளவில், இருந்தால் இணையம் ஓடும். சில ஆபரேட்டர்கள் தெருவில் ஏதோ ஒரு வீட்டு மாடியில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து நீலநிற லேன் கேபிளை இழுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பிரயோஜனம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று முழுப் பகலும் மகளுக்கு வகுப்பு கிடையாது. ரவுட்டருக்கு டெபாசிட் கேட்டால் ரசீது வாங்குங்கள். திரும்பக் கிடைக்குமா என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் பெட்டி வைத்து 5ஜி சிக்னலில் தரும் இணைப்பும் இருக்கிறது. இப்போது விளம்பரமெல்லாம் அதற்குத்தான். ஃபைபர் வராத தெருவுக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் 30 எம்பிபிஎஸ்ஸுக்கே 599, வரியோடு 707. டவரில் கூட்டம் ஏறினால் வேகம் இறங்கும். பத்துப் பதினைந்து ஓடிடி இலவசம் என்பார்கள். உங்கள் வீட்டில் பார்க்க நேரம் இருப்பது யாருக்கு? வருடச் சந்தாவாகக் கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்றும் சொல்வார்கள். எந்த இணைப்பானாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள். பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளும் உரிமை அந்தச் சலுகையைவிடப் பெரியது.

தம்பி சொல்லும் டிவித் திட்டம் வேண்டாம். நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லை என்பது பேச்சுக்குத்தான். வட்டியைப் பிராசஸிங் கட்டணத்திலோ, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டோ வசூலிப்பார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கடைப் பலகையில் எழுத்து மாறியதே தவிர வேறொன்றும் மாறவில்லை.

மீதி 41,000. புதுக் கணக்குப்படி உங்கள் வீட்டுச் செலவும் அம்மாவின் பேக்கும் சேர்ந்து மாதம் 1,900. நீங்கள் இப்போது கட்டும் 4,500ல் 2,600 மிஞ்சுகிறது. அதைக் கார்டிலேயே கட்டி வந்தால், வட்டி தின்றது போக, முடிய இரண்டு வருடத்துக்கு மேலாகும். ஒரு பவுன் சங்கிலியை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து 41,000 எடுத்துக் கார்டை ஒரே அடியாக அடைத்துவிட்டால், வட்டி வருடத்துக்கு 9, 10 சதவீதம்தான். முதல் மாதம் 1,700க்குப் பதிலாக 350 ரூபாய்க்குள் முடியும். அதே 2,600ஐக் கட்டி வந்தால் ஒன்றரை வருடத்துக்குள் சங்கிலி கைக்கு வரும். கணவரின் தீபாவளி போனஸில் கொஞ்சம் போட்டால் இன்னும் சீக்கிரம். மாதாமாதம் அசலிலும் கட்டலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை உங்களுக்கு ஒத்துவராது. தெருமுனை அடகுக் கடைக்குப் போகாதீர்கள், நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே வருடம் 24 சதவீதம்.

பாக்கி பூஜ்யம் ஆன அன்றே கார்டை மூடச் சொல்லி வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. "வருடக் கட்டணம் இல்லை, வைத்திருங்கள் மேடம்" என்று அழைப்பு வரும். எடுக்காதீர்கள்.