கடற்கரைக்கும் பரனூருக்கும் இடையே ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பல ஆண்டுகளாகப் புனேயில் வசிக்கிறோம். வங்கியில் பணிபுரியும் எனக்குச் சென்னை பாரிமுனைக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. என் கணவரின் நிறுவனமும் அவரை மஹிந்திரா சிட்டியில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டுவிட்டது. மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மகனை வரும் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கூடுவாஞ்சேரியில் உடனே ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டு, பிள்ளைகளை நகரத்துக்குள் இருக்கும் பெயர்பெற்ற பள்ளிக்கு வேனில் அனுப்பலாம் என்கிறார் என் அண்ணன். நீங்கள் தாம்பரம் பக்கம் நெடுங்காலமாக வாழ்பவர் என்பதால் கேட்கிறேன். நல்ல பள்ளிகள் உள்ள புறநகர் எது?

வி., புனே

அன்புள்ள வி. அவர்களுக்கு,

உங்கள் இருவருடைய அலுவலகங்களும் ஒரே ரயில் பாதையில் அமைந்திருப்பது சென்னைக்குக் குடிவரும் குடும்பங்களுக்கு எளிதில் வாய்க்காத வசதி. பாரிமுனையிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். மஹிந்திரா சிட்டியை ஒட்டியே பரனூர் நிலையம் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் இன்று இவ்வளவு பெரிய குடியிருப்புகளாக இருப்பதற்கு அந்த ரயிலே முதற்காரணம். ஆகவே பெரியவர்கள் இருவரும் வேலைக்குப் போய்வரும் கவலையை ரயிலிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது பிள்ளைகள் தினமும் எவ்வளவு தூரம் போய்வரப் போகிறார்கள் என்பதைத்தான்.

இதில் என் கருத்து உறுதியானது. ஒரு மணி நேர ரயில் பயணத்தைப் பெரியவர்கள் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை ஒரு மணி நேரம் வேனில் உட்கார வைப்பது அந்தக் குழந்தையின் தூக்கத்தையும் விளையாட்டையும் பிடுங்கிக்கொள்வதாகும். நகரத்துக்குள் எட்டரை மணிக்கு மணியடிக்கும் பள்ளிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து புறப்படும் பிள்ளை விடியற்காலையில் எழ வேண்டும், மாலையில் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் தெற்கு நெடுஞ்சாலையின் நெரிசலைக் கடந்து வீடு திரும்பும்போது, வீட்டுப்பாடம் எழுதுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அந்த யோசனையைக் கைவிடுங்கள். முதலில் பள்ளியை முடிவு செய்து, அதிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள்.

வேன் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். வேனைத் தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் அந்த வண்டிக்குள் ஏறிப் பாருங்கள். உதவியாளர் இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், தகுதிச் சான்று எப்போது வாங்கியது என்று தயங்காமல் கேளுங்கள்.

எந்த ஊர் என்ற கேள்விக்கு வருகிறேன். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரையிலான பகுதியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். கடற்கரையிலிருந்து புறப்படும் மின்ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன, செங்கல்பட்டு வரை போகும் வண்டிகள் குறைவு. தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் கூடுவாஞ்சேரியில் குடியிருந்தால் உங்கள் கணவருக்கு வசதியாக இருக்கும், ஆனால் நீங்கள் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். தாம்பரத்திலோ காலையில் அங்கேயே புறப்படும் வண்டியில் ஏறி, மகளிர் பெட்டியில் உட்கார்ந்தபடியே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடற்கரை போய்ச் சேரலாம். உங்கள் கணவர் நகரத்துக்கு எதிர்த்திசையில் போகிறவர். பொத்தேரி வரை கல்லூரி மாணவர்களின் கூட்டம் நெருக்கும், அவர்கள் இறங்கிய பிறகு பெட்டி காலியாகிவிடும். 2025 முதல் இந்தப் பாதையில் ஏ.சி. மின்ரயிலும் ஓடுகிறது, கட்டணம் கூடுதல் என்றாலும் மே மாதத்தில் அதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பகுதியில் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது, 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆசிரியர்களும் ரயில்வே, விமானப்படை ஊழியர்களும் குடியேறக் குடியேற, அவர்களுடைய பிள்ளைகளுக்காக அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என எல்லா வகைப் பள்ளிகளும் இங்கே வந்துவிட்டன. ஒரு பள்ளி சரிப்படவில்லை என்றால் வீட்டை மாற்றாமலேயே வேறு பள்ளி தேடலாம் என்பதுதான் இந்தப் பகுதியின் உண்மையான பலம். புதிதாகக் கிளம்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றிப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பள்ளிகளே இருக்கும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே ஓடி இந்த ஊர்களைக் கிழக்கு, மேற்கு என இரண்டாக வெட்டுகின்றன. வரைபடத்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். நடுவில் தண்டவாளம் இருந்தால் அந்த அரைக் கிலோமீட்டரைக் கடக்க ஒரு சுரங்கப்பாதையோ மேம்பாலமோ சுற்ற வேண்டும். காலை எட்டு மணிக்குச் சுரங்கப்பாதையின் வாயில் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையும், ஹேண்டிலில் இரண்டு சாப்பாட்டுப் பைகளுமாகத் தாய்மார்கள் நகர வழியின்றி நிற்பார்கள்; பலத்த மழை பெய்த மறுநாள் அந்த வழியிலேயே தண்ணீர் நிற்கும். பள்ளியும் வீடும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நிலையத்துக்குப் போக நீங்கள் பாலம் ஏறி இறங்கலாம், பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களைப் பொருட்படுத்தாதீர்கள். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் எத்தனை பேர் சென்டம் என்ற விளம்பரம் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளிகளும், தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்பதற்காகப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகளும் உண்டு. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்று முதல்வரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்து அந்தப் பள்ளி பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பது விளங்கிவிடும். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் பேசினால் மீதியும் தெரிந்துவிடும்.

மகனைச் சேர்க்கப் போகும்போது, அவனையோ உங்களையோ தேர்வு வைத்தோ நேர்முகம் கண்டோ வடிகட்டுவதையும், நன்கொடை கேட்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் தடை செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம்; தேசியக் கல்விக் கொள்கையோ ஆறு வயது என்கிறது, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல அதைப் பின்பற்றத் தொடங்கியுள்ளன.

எனக்குக் கவலை தருவது உங்கள் மகளின் நிலைதான். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ் கட்டாயத் தாள். உயிரெழுத்திலிருந்து தொடங்க வேண்டிய பிள்ளை மூன்றே ஆண்டுகளில் செய்யுளும் இலக்கணமும் எழுத வேண்டியிருக்கும். அவள் இப்போதைக்கு சி.பி.எஸ்.இ.-யிலேயே தொடரட்டும். அதற்காக, இங்கே வாழப்போகிற பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போவதையும் விட்டுவிடக் கூடாது. வீட்டருகே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைத் தேடி, மதிப்பெண் பயமில்லாமல் வாரம் இரண்டு நாள் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எந்த மொழிப்பாடம் தருவார்கள் என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு நடந்துவிடும், பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்வது எளிதல்ல. ஆகவே இடமாற்றத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் எட்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது அவளுக்கு நல்லது. புனேயில் டி.சி. வாங்கும்போதே அதில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் தேவையா என்று இங்குள்ள பள்ளியிடம் கேட்டுவிடுங்கள், பிறகு அதற்காக ஒரு முறை ரயிலேற வேண்டியிராது.

ஃபிளாட்டை இப்போது வாங்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்தது. கிழக்குப் பக்கத்திலும் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளை ஒட்டிய தாழ்வான தெருக்கள் இருக்கின்றன. ஏப்ரலில் வந்து பார்க்கிறவருக்கு எல்லாத் தெருவும் ஒரே மாதிரி உலர்ந்துதான் இருக்கும். விற்பவரோ தரகரோ இதைச் சொல்ல மாட்டார். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரரிடம் கேட்டால் அந்த ஆண்டு தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கையால் தொட்டுக் காட்டுவார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பள்ளிக்கு அருகில் வாடகைக்கு வீடு பிடித்து ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் கழித்துவிட்டு, அதன்பிறகும் அந்தத் தெரு பிடித்திருந்தால் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.