ஏவுதளத்தில் எரிந்த சோயுஸ்

"புறப்படும் முன்பே ராக்கெட் தீப்பிடித்தால், உள்ளே இருப்பவர்கள் பிழைக்க முடியுமா?" என்பது கேள்வி. முடியும். 1983 செப்டம்பர் 26 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் சோவியத் விண்வெளி வீரர்களான விளாதிமிர் தித்தோவும் கென்னதி ஸ்திரெக்கலோவும் அப்படித்தான் பிழைத்தார்கள்.

சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்குச் செல்லவிருந்த அவர்களுடைய சோயுஸ் ராக்கெட்டில், ஏவுவதற்குச் சுமார் 90 நொடிகளுக்கு முன் வால்வு ஒன்று மூடாமல் போனதால், எரிபொருள் கசிந்து அடிப்பகுதியில் தீப்பற்றியது. இத்தகைய ஆபத்தில் வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தை மட்டும் பிரித்துத் தூக்கிச் செல்வதற்கென்றே, உச்சியில் சிறு கோபுரம் போல ஒரு தப்பிப்பு ராக்கெட் இருக்கும். ஆனால் அதற்குக் கட்டளை கொண்டுசெல்லும் கம்பிகளைத் தீ அதற்குள் பொசுக்கிவிட்டது. ஆகவே, தரையில் இருந்த இரண்டு அதிகாரிகள் ஐந்து நொடிகளுக்குள் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தி, வானொலி வழியே கட்டளை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குள் ஏறத்தாழ 20 நொடிகள் கரைந்திருந்தன. மேலுறை மூடியிருந்ததால் வெளியே எதையும் பார்க்க முடியாத வீரர்கள் அதிர்வை மட்டும் உணர்ந்தபடி காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

தப்பிப்பு ராக்கெட் புவியீர்ப்பைப் போல் 14 முதல் 17 மடங்கு விசையுடன் அவர்களை மேலே இழுத்த சில நொடிகளில், கீழே எல்லாம் வெடித்துச் சிதறியது. சுமார் 4 கி.மீ. தள்ளி, உடலில் கன்றிய காயங்களோடு பாராசூட்டில் இறங்கினார்கள். ஸ்திரெக்கலோவ் 1984 ஏப்ரலில் மீண்டும் விண்வெளிக்குச் சென்றார். அந்தப் பயணத்தில் அவருடன் சென்றவர் நம் ராகேஷ் சர்மா.