தங்கச்சியை ஏற்றிப்போக எந்த பைக்?

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. ஊர் சாவகச்சேரி. இப்போது தங்கச்சியோடு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. காலையில் தங்கச்சியைப் பம்பலப்பிட்டியில் வகுப்புக்கு இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போகவேண்டும். இரண்டு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று யமஹா ஆர்15 வீ3, நீலம். மற்றது சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப், கறுப்பு. இரண்டும் 2019. ஜிக்ஸர் விலை கொஞ்சம் குறைவு. மனம் ஆர்15இல்தான் நிற்கிறது. ஆனால் நாலு வருடம் சேர்த்த காசு. பிழையாக எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கும் அதிலேயே போக ஆசை. எதை எடுக்கட்டும்? – க. நி., வெள்ளவத்தை

பதில்: தம்பி, ஜிக்ஸரை எடுங்கள். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பக்கத்தில் நிற்கும் ஆர்15ஐப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தெமட்டகொடையில் கராஜ் வைத்து எனக்கு 22 வருடம். ஆர்15இன் மீது எனக்கும் ஆசை உண்டு. அதன் என்ஜினை முதல் தடவை திறந்தபோது வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றை உள்ளே எடுக்கும் வால்வுகளுக்கு, அவற்றை அழுத்தித் திறக்கும் கேம் இரண்டு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 7,400 சுற்று வரை சின்னக் கேம் வேலை செய்யும். அதைத் தாண்டியதும் ஒரு சிறிய பின் உள்ளே போய் பெரிய கேமோடு பூட்டிவிடும். வால்வு இன்னும் நன்றாகத் திறக்கும், சத்தமே மாறும். 155 சீசீக்குள் இப்படி ஒரு வேலைப்பாடு செய்தவர்களுக்கு நான் மனதாரக் கும்பிடு போடுவேன்.

அந்த 7,400 சுற்று உங்களுக்கு எங்கே வரும் என்பதுதான் கேள்வி. காலை ஏழரைக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் இருந்து பம்பலப்பிட்டி வரை எப்படிப் போவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முன்னுக்கு பஸ், இடப்பக்கம் முச்சக்கரவண்டி, பத்தடிக்கு ஒரு பிரேக். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டு. இந்த இரண்டு பைக்கின் இழுவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜிக்ஸருக்கு 14 நியூட்டன் மீற்றர், ஆர்15க்கு ஏறத்தாழ 15. ஆனால் ஜிக்ஸர் அதை 6,000 சுற்றிலேயே கையில் தந்துவிடுகிறது. ஆர்15 8,500 வரை ஏறினால்தான் தருகிறது. குதிரைவலு 14க்கு 19 என்று காகிதத்தில் இருப்பது உண்மை. அந்த 19 வருவது 10,000 சுற்றில். தங்கச்சி பின்னால் இருக்கும்போது கொள்ளுப்பிட்டியில் நீங்கள் 10,000 சுற்றுக்கு முறுக்கப்போவதில்லை. முறுக்கவும் கூடாது.

அப்புறம், உட்காரும் விதம். ஆர்15இன் கைபிடி தாழ்வு. உடல் முன்னால் சாயும், பாரம் மணிக்கட்டில் விழும். வேகமாகப் போகும்போது நெஞ்சில் படும் காற்று அந்தப் பாரத்தைக் கொஞ்சம் தாங்கும். நெரிசலில் அந்தக் காற்று இல்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவரின் பாரமும் சேர்ந்து உங்கள் கைக்குத்தான் வரும். தங்கச்சிக்கோ அது இன்னும் கஷ்டம்: பின் இருக்கை சின்னது, உயரத்தில் தனியாக நிற்கிறது, புத்தகப் பையோடு அதில் ஏறி இறங்குவது லேசான காரியம் இல்லை. ஓட்டுபவரின் இருக்கை ஆர்15இல் 815 மில்லிமீற்றர், ஜிக்ஸரில் 795. இந்த இரண்டு சென்றிமீற்றரைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். ஆளை ஏற்றிக்கொண்டு சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். மனதுக்குப் பிடித்த பைக்கை எடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் தங்கச்சியை பஸ்ஸில் அனுப்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆர்15க்கு, கூலன்ட் என்ற திரவத்தால் என்ஜினை ஆற்றும் ரேடியேற்றர் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நெரிசலில் விசிறி சுழலத் தொடங்கியதும் சூடு காலில் அடிக்கும். பழைய உரிமையாளர் கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே அலுமினியம் அரித்திருக்கும். அது வெளியில் தெரியாது. ஜிக்ஸர் காற்றிலேயே ஆறும் என்ஜின். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும்.

பெற்றோலைப் பற்றி ஒரு வார்த்தை. என் கையில் நகரத்துக்குள் ஜிக்ஸர் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் அளவில் ஓடும், ஆர்15 40 அளவில். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று கியூஆர் காட்டி வரிசையில் நின்ற நாட்களில் இந்த ஐந்து கிலோமீற்றர் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டுக்கும் 92 பெற்றோல் போதும்.

ஆர்15 தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். இந்தியாவில் 2019இல் விற்ற வீ3க்கு இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. ஜிக்ஸருக்கு முன் சக்கரத்துக்கு மட்டும். மழை நாளில் காலி வீதியின் வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் பின்சக்கரம் இழுபடும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம். நீங்கள் பார்த்த வண்டியில் உண்மையில் இருக்கிறதா என்பதை விற்பவரிடம் கேட்கவேண்டாம், கண்ணால் பாருங்கள்: பிரேக் டிஸ்கின் உள்ளே ஓட்டைகள் உள்ள சிறிய வளையமும், அதன் பக்கத்தில் ஒரு வயரும் இருக்கவேண்டும். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி உருண்டதும் அணையவேண்டும். ஜிக்ஸரை எடுத்தால் நல்ல பின்ரயர் போடுங்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். மழையில் பின்பிரேக்கை மெதுவாக மிதிக்கப் பழகுங்கள்.

ஊர்ப் பயணம்: ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஆகவே புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்றுதான் போவீர்கள். நகரத்துக்கு வெளியே எங்களுக்கு 70தான் எல்லை. இரண்டு பைக்கும் அதை மூச்சு வாங்காமல் போகும். ஆறாவது கியர் இருப்பதால் ஆர்15 இன்னும் அமைதியாகப் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மணித்தியாலம் குனிந்திருந்த முதுகோடு ஆனையிறவைத் தாண்டும்போது அந்த அமைதி ஞாபகத்தில் இருக்காது. அங்கே பக்கக் காற்று இரண்டு பைக்கின் பிளாஸ்டிக் போர்வையிலும் அடிக்கும், கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள். விடியற்காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். இருட்டில் வழியில் யானையும் நிற்கும், மாடும் படுத்திருக்கும்.

இனி நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது. நீங்கள் வாங்கப்போவது கடையில் இருக்கும் புது ஜிக்ஸரை இல்லை, இன்னொருவர் இத்தனை வருடம் ஓட்டிய ஒரு ஜிக்ஸரை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் விழுந்த பைக்கையெல்லாம் நிமிர்த்திப் பெயின்ற் அடித்து விற்றார்கள்.

2021இல் என் அக்காவின் மகன் அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டான். சிவப்பு ஆர்15. நான் ஊரில் இல்லாத கிழமையில், இரவு எட்டு மணிக்கு, போன் வெளிச்சத்தில் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டான். இரண்டு கிழமையில் பைக் இடப்பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்தான். போர்வையைக் கழற்றினேன். ஹேண்டில் முழுவதும் திரும்பும்போது இடிக்கும் அந்தச் சின்ன ஸ்டொப்பர் உடைந்து மறுபடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் வளைவு. ரேடியேற்றரில் துருநிறத் தண்ணீர். பஞ்சிகாவத்தையில் பாகம் தேடி நானும் அவனும் ஒரு மாதம் அலைந்தோம். அவன் கழுத்துச் சங்கிலி அதற்குத்தான் போனது. விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஆகவே பகலில் போங்கள். போய் இறங்கியதும் முதலில் என்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை அங்கேயே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருங்கள். ஆறிய என்ஜின் ஒரு தொடுதலில் ஸ்டார்ட் ஆகவேண்டும், வெண்ணீலப் புகை வரக்கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி அந்த ஸ்டொப்பரைப் பாருங்கள். கைபிடி நுனி, கால்மிதி நுனி, சைலன்சரின் வெளிப்பக்கம், இந்த மூன்றில் கீறல் இருந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்துவிடும். ஆர்15ஐத்தான் எடுப்பேன் என்று நின்றால் ஃபோர்க்கையும் கவனியுங்கள். இந்தோனேசியாவில் விற்ற வீ3க்குத் தங்கநிறத் தலைகீழ் ஃபோர்க், இந்தியாவில் விற்றதற்குச் சாதாரண ஃபோர்க். இந்திய வண்டியில் தங்கநிறம் கண்டால், பழைய ஃபோர்க்குக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மரைன் டிரைவ் பக்கத்தில் நிறுத்தி வைத்த வண்டியென்றால் உப்புக் காற்று தின்றிருக்கும். செயினின் பக்கத் தகடு, ரேடியேற்றர் பின்பக்கம், போர்வைக்குள் இருக்கும் நட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். நீங்களும் வெள்ளவத்தையில் இருப்பதால், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு ஒயில் போடுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் ஒரு ஃபினான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், அந்த லீசிங் முடிந்து பெயர் நீக்கும்வரை ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். சேசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட பத்திரத்தில், எடுத்து அப்படியே வைத்து ஓட்டவேண்டாம். உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் அந்தக் கறுப்பு ஜிக்ஸர் விழுந்த வண்டியாகவும், நீல ஆர்15 சுத்தமாகவும் இருந்தால்? அப்போது ஆர்15ஐ எடுங்கள் தம்பி. நேரான ஆர்15, வளைந்த ஜிக்ஸரைவிட எப்போதும் மேல். எடுக்கும் முன்பு தங்கச்சியையும் கூட்டிப்போய்ப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள். அவருடைய பேச்சையும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஐந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஜிக்ஸர் எஸ்எஃப் எடுக்க ஆசை. வீட்டில் எல்லோரும் கால் எட்டாது, பெண்பிள்ளைக்கு ஏன் இது என்கிறார்கள். – ம. ர., கொட்டாஞ்சேனை

பதில்: எடுங்கள் தங்கச்சி. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இடக்கால் தரையில், வலக்கால் பின்பிரேக்கில். நிற்கவேண்டிய முறையே அதுதான். பைக்கின் எடை 146 கிலோ அளவில் இருக்கும். ஓடும்போது அது தெரியாது, தள்ளி நிறுத்தும்போதுதான் தெரியும். ஆகவே சரிவில் முன்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

எனக்கு இருக்கும் பயம் உங்கள் உயரம் பற்றி இல்லை. ஸ்கூட்டரில் உங்கள் இடக்கை பிரேக் பிடித்துப் பழகிவிட்டது. ஜிக்ஸரில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடினால் இடக்கை தானாக இறுகும். வண்டி நிற்காது, என்ஜினின் பிடியும் விட்டுவிடும். இரண்டு கிழமை ஆளில்லாத ஒரு மைதானத்தில், 20 கிலோமீற்றர் வேகத்தில் போய் வலக்கையாலும் வலக்காலாலும் மட்டும் நிறுத்திப் பழகுங்கள். நூறு தடவை செய்யுங்கள். பிறகு வீதிக்கு வாருங்கள். லைசன்ஸில் ஏ வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ1 என்றால் 100 சீசீ வரைதான்.

கேள்வி: மாமாவின் பழைய ஹொண்டா சிபிஆர்250ஆர்ஆர் வீட்டில் ஐந்து வருடமாக நிற்கிறது. அதை விற்று ஆர்15 எடுக்கலாமா? – ஜெ., தெகிவளை

பதில்: விற்கவேண்டாம். 250 சீசீக்குள் நாலு சிலிண்டர், சிவப்புக் கோடு 19,000 சுற்றில் தொடங்கும் என்ஜின் அது. அப்படி ஒன்றை விற்றுவிட்டால் நாளைக்கு அதே நிலையில் இன்னொன்று கிடைக்காது. தினமும் வேலைக்குப் போக ஆர்15ஐ வேறு காசில் எடுங்கள். ஆனால் மாமாவின் வண்டியை இப்போதே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஐந்து வருடப் பெற்றோல் நாலு கார்பரேற்றரிலும் பிசினாகியிருக்கும். முதலில் டேங்கை வெறுமையாக்கி உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு கரண்டி ஒயில் விட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி உயர்ந்த கியரில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். என்ஜின் சுற்றினால், கார்பரேற்றர்களைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் கராஜில் இருப்பேன்.