மூக்கில் தோல் ஒட்டு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: அப்பாவுக்கு மூக்கு நுனியில் பேசல் செல் புற்றுக்கட்டியை (ஒருவகைத் தோல் புற்று) எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணை மூட வைக்கும் தோலைத் தொடையிலிருந்து எடுக்காமல் காதோரத்தில் ஏன் எடுக்கிறார்கள்?

ப: தொடைத் தோலை முகத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரியும். காதுக்கு முன்னால் உள்ள தோல் மூக்கைப் போலவே வெயில் பட்டது. நிறம் ஓரளவு ஒத்துவரும். எடுத்த இடத்துத் தழும்பும் காதோர மடிப்பில் மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, வெட்டிய ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று பயாப்சி முடிவு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

கே: ஒட்டின் மேல் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்று நாளாகிவிட்டது, லேசாக வாடை வருகிறது. பிரித்துப் பார்க்கலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம் அம்மா. முதல் ஓரிரு நாள் ஒட்டுத்தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது; அடிப்புண்ணில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. அப்புறம்தான் கீழேயுள்ள நுண்குழாய்கள் அதனுள் வந்து சேரும். தோல் கொஞ்சம் நகர்ந்தாலும், அடியில் ரத்தம் தேங்கினாலும் அந்த இணைப்பு அறுந்துபோகும். அதைத் தடுக்கத்தான் பஞ்சை அழுத்தித் தைப்பது. பொதுவாக 5 முதல் 7 நாளில் டாக்டரே பிரிப்பார். வாடையை அவரிடம் போய்க் காட்டுங்கள். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் இன்றைக்கே போங்கள்.

கே: கட்டைப் பிரித்தால் தோல் கறுத்திருக்கிறது. செத்துவிட்டதா?

ப: இந்த நிறத்தைப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் நிறைய. முதல் வாரத்தில் நீலம் பாய்ந்த கருமை சகஜம். மேல்தோல் மட்டும் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாக உயிர்த்தோல் தெரிவதும் உண்டு. பக்கைப் பிய்க்காதீர்கள்.

கே: எனக்கு நெற்றித் தோல், இரண்டு ஆபரேஷன் என்கிறார்களே?

ப: மூக்கின் குருத்தெலும்பு அதன்மேல் உள்ள சவ்வும் போய் வெறுமையாக இருந்தால், ஒட்டுக்கு ரத்தம் தர அங்கே எதுவும் இல்லை. அதனால் நெற்றித் தோலை அதன் ரத்தக்குழாயோடு திருப்பி மூக்கில் தைத்து, சுமார் 3 வாரம் கழித்து, நெற்றியோடு இணைத்திருக்கும் காம்பை இரண்டாவது ஆபரேஷனில் வெட்டுவார்கள். இது நம் நாட்டு முறை. திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே பக்கம் இப்படி மூக்கு அமைத்த செய்தி, 1794-இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்தோடு வந்தது. 1814-இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அதைச் செய்தார். தைரியமாகப் போங்கள்.

கே: ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் பரவாயில்லையா?

ப: கூடாது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஒட்டு நம்பியிருப்பதே அந்தக் குழாய்களைத்தான்.